சுவாமிக்கு முதுகு காட்டிய தோணியப்பர்

வெண்மணற்பட்டினத்து மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்துப் பிழைத்தவர் தோணியப்பர். எங்கள் குடியில் பிறந்தவர்; ஐஸ் உடைத்தார் என்று எழுதுவதில் எங்களுக்கு இழிவு ஒன்றும் இல்லை. கரையேற்றுநாதர் கோயில் வாசலைக் கூட்டிக் கும்பிட்ட பிறகே வேலைக்குப் போவார். மாலையில் விறைத்த விரல்களால் திருநீறு பூசும்போது மூன்று கோடும் ஒன்றாகக் கலைந்துவிடும். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

மாசி மகத்தன்று சுவாமி பல்லக்கில் கடற்கரைக்கு எழுந்தருள்வார். ஊரே கடலில் இறங்கும். அலை யாரையும் இழுத்துவிடாதபடி, அரையில் கயிறு கட்டி இடுப்பளவு நீரில் வரிசையாக நிற்பவர்கள் காவல் தொண்டர்கள். அந்த வரிசைக்குத் தலைமை தாங்கும் உரிமை பாட்டனார் காலம் முதல் எங்கள் குடும்பத்துடையது. தீர்த்த மணி ஒலித்ததும் மற்றவர்கள் கரைப்பக்கம் திரும்பிச் சுவாமியைக் கும்பிடுவார்கள். தோணியப்பர் மட்டும் திரும்பாமல், கடல்பக்கம் குளிப்பவர்களையே பார்த்து நிற்பார்.

ஓராண்டு மகத்துக்கு முன், ஊர்த்தலைவர் கலியமூர்த்தி நாட்டார் ஏலக்கூடத்தில் எல்லார் எதிரிலும் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன்டா தோணியப்பா, சாமிக்குப் பொறத்தக் காட்டுறியே, ஒனக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?”

கூடம் சிரித்தது.

“தெரியலிங்க நாட்டாரே. அவரப் பாத்தா சனத்தப் பாக்க முடியல. சனத்தப் பாத்தா அவரப் பாக்க முடியல.”

“இந்தவாட்டி திரும்பிக் கும்புடு. இல்லேன்னா கயித்த வச்சுட்டுப் போயிடு. ஒங்க வம்சத்துக்கே இனி அந்த வேல கெடையாது.”

தோணியப்பர் குருக்களிடம் போய்க் கேட்டார். குருக்கள் தாடையைத் தடவினார். “முதுகு காட்டப்படாதுன்னுதான் சாஸ்திரம். கடல்ல நிக்கறவனுக்கு என்ன விதின்னு நான் படிச்சதில்லையேப்பா.”

குழப்பம் தீராமலே மகத்தன்று கடலில் இறங்கினார். மணி ஒலித்தது. கழுத்து கரைப்பக்கம் அசைந்தது, கால் அசையவில்லை. அப்போது ஒரு பெண்ணை அலை சுருட்டிக்கொண்டு போயிற்று. கண்டவர் அவர் ஒருவரே. இடுப்பில் கட்டிய கயிற்றோடு பாய்ந்தார். மறுமுனையைக் கரையில் பிடித்திருக்க வேண்டிய தொண்டன் வைத்தியோ இரு கைகளையும் தலைமேல் குவித்துச் சுவாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கயிறு நழுவிப்போனதை அவன் அறியவில்லை.

அதே வேளையில் பல்லக்குச் சுமந்தவர்கள் தடுமாறினார்கள்.

“சாமி கடலுக்குள்ள இழுக்குதுடா! விடாதீங்கடா, பின்னால இழுங்க!”

கூட்டம் அரோகரா என்று முழங்கியது. காலை மணலில் ஊன்றி அவர்கள் பின்வாங்கப் பின்வாங்க, அலைக்குள்ளிருந்து தோணியப்பர் அந்தப் பெண்ணை அணைத்தபடி வெளிப்பட்டார். பிறகுதான் பார்த்தார்கள்: அவருடைய கயிற்றின் மறுமுனை பல்லக்குத் தண்டில் சுற்றியிருந்தது.

“யாருடா கட்டுனது?”

“நான் இல்லண்ணே.”

“நாங்க தோள்ல சொமந்துக்கிட்டுல்ல நிக்கிறோம்!”

வைத்தி அழுதானே தவிர, அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாட்டார் ஒவ்வொருவராகக் கேட்டும் விடை கிடைக்கவில்லை. குருக்கள் சுவாமியின் மாலையைக் கழற்றித் தோணியப்பர் கழுத்தில் இட்டார். அவர் மிரண்டு விழித்தார்.

“சாமியப் பாக்காதவனுக்கு எதுக்குங்க மாலை?”

பதில் சொன்னவர் நாட்டார். “நீ அவரப் பாக்கலப்பா. அவரு ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு நின்னுருக்காரு.”

கயிற்றைச் சுற்றிய கை யாருடையது என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. மாலையோடும் ஈரத்தோடும் மீண்டும் கடலைப் பார்த்து நிற்கப் போன தோணியப்பரின் அடிகள் எங்கள் தலைமேல் இருக்கட்டும்.