மேட்டுப்பாறைச் சேதாரம்

நாலு ஊருக்கும் ஒரே ஏரி. ஏரி மடத்துக்குச் சொந்தம். அதனால் எந்த ஊர்த் தண்ணீர்ச் சபை ஒழுங்காக நடக்கிறது, எது ஊதாரித்தனம் பண்ணுகிறது என்று சொல்லும் பொறுப்பு மடத்துத் தலைவி தையல்நாயகி அம்மையாருக்கு. அவர் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

அந்த வருஷம் நாலு சபையும் கூடி ஒரு முடிவுக்கு வந்தன. கடைசி இடத்துக்கு வரும் சபையைக் கலைத்துவிட்டு, அந்த ஊர்த் தண்ணீரை முதலிடம் வரும் சபையிடம் கொடுத்துவிட வேண்டும். யார் முதல், யார் கடைசி என்று பார்க்கும் வேலையை அம்மையார் தன் சீடன் வைரவனிடம் விட்டார்.

வைரவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. மடத்துக்கு வருமுன் பாதி ஆயுளை நகைக்கடையில் கழித்தவன். செலவு கூடினால் குற்றம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டான். நாலு ஊரில் ஓடைக்கரைக்குத் தண்ணீர் தானாக இறங்கும், மேட்டுப்பாறைக்கு மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும். அந்த ஏற்றச் செலவைக் கழித்தான். குழாய் நீளத்தைக் கழித்தான். வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதையும் கழித்தான். எல்லாம் போக, மேட்டுப்பாறைக்கு மட்டும் ஒரு செலவு மிஞ்சி நின்றது. காரணம் பிடிபடவில்லை. நகைக்கடைப் பழக்கம் லேசில் விடுமா? அதற்குச் சேதாரம் என்று பெயர் வைத்தான்.

மேட்டுப்பாறைச் சபையை நடத்தியவள் முத்திருளாயி. அந்த ஊருக்கு முதல் குழாய் பதித்தபோது மண் சுமந்தவள், அவளுக்கு அந்தச் சபைதான் உயிர். ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்று அவள் கேட்டாள். வைரவன் மறுத்துவிட்டான். முகத்தைப் பார்த்தால் மனசு இளகும், மனசு இளகினால் தராசு சாயும் என்பது அவன் கட்சி. அவள் மேற்கொண்டு கெஞ்சவில்லை.

மேட்டுப்பாறைதான் கடைசி என்று வைரவன் அம்மையாரிடம் வந்து சொன்னான்.

"நல்லாப் பார்த்துட்டியா?" என்றார் அவர்.

"பார்த்துட்டேன் அம்மா. மிஞ்சினது அத்தனையும் சேதாரம்."

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வா."

போனான். மேட்டுப்பாறைக்கு அன்று தண்ணீர் முறை இல்லை. ஆனால் ஒரு தெருவில் எல்லாக் குழாயும் கொட்டிக்கொண்டிருந்தன. இதோ கண்ணெதிரே சேதாரம் என்று அவனுக்கு உள்ளூர ஒரு திருப்திகூட வந்தது, பாவம்.

பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. துட்டி வீடு. சுடுகாட்டுக்குப் போய்வந்தவர்கள் தெரு முழுக்க நின்று தலை முழுகிக்கொண்டிருந்தார்கள். சபை ஆட்கள் இரண்டு பேர் குடம் குடமாகப் பிடித்து ஊற்றினார்கள். பக்கத்தில் நின்றவரிடம் வைரவன் விசாரித்தான். இந்த ஊரில் சாவு விழுந்த வீடு முறைக்குக் காத்திருக்காது, எந்த நேரமானாலும் அந்தத் தெருவுக்கு மோட்டாரைப் போட்டுவிடுவார்கள், அதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். மற்ற ஊர்களில் பிணத்தை வாசலில் கிடத்திவிட்டுக் குடத்தோடு வீடு வீடாக அலைய வேண்டும். அது வைரவனுக்கும் தெரியும்.

முத்திருளாயி அவனைப் பார்த்துவிட்டாள். எதற்கு வந்திருக்கிறான் என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு குடத்தை நிறைத்து அவனிடம் நீட்டினாள்.

"துட்டி வீட்டுக்கு வந்துட்டுக் குளிக்காமப் போகக்கூடாது சாமி."

துறவிக்குத் தீட்டு ஏது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டான். வந்த விஷயத்தைச் சொல்லாமல் ஈர வேட்டியோடு திரும்பினான்.

மடத்துக்கு வந்ததும் நடந்ததை அம்மையாரிடம் சொல்லிவிட்டு, மறுபடி கழித்துப் பார்க்க உட்கார்ந்தான். மனசு கனத்துத்தான் இருந்தது, ஆனாலும் வேலையில் பிசகவில்லை. தீர்ப்புச் சொல்லும் நாள் வந்தது. நாலு சபை ஆட்களும் முற்றத்தில் காத்திருந்தார்கள். முத்திருளாயி தூணோரம் நின்றாள். வைரவன் உள்ளே போனான்.

"அம்மா, துட்டி வீட்டுச் செலவையும் கழிச்சுட்டேன். அப்படியும் கொஞ்சம் மிஞ்சுது. கடைசி இடம் மாறலை."

"மிஞ்சினது என்னப்பா?"

"தேடித் தேடிப் பார்த்துட்டேன், ஒண்ணும் தெரியலை. அப்ப சேதாரம்தானே அம்மா?"



"மேட்டுப்பாறையில நீ ஒரு குடம் தண்ணி ஊத்திக் குளிச்சியே. போறதுக்கு முந்தி அந்தத் தண்ணிக்கு என்ன பேரு வச்சிருந்த?"

வைரவன் முற்றத்துக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.