பனிவாசல் துறவியின் வலது கை

கருத்துச் சொல்லத் தெரியாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை என்பது அருளப்பனின் தீர்மானம். அதை நம்பித்தான் அவர் பிழைப்பே ஓடியது. திண்டுக்கல்லில் எந்தப் படம் வந்தாலும் தியேட்டர் வாசலில் செல்போனும் மைக்குமாக நிற்பார். படம் விட்டு வருகிறவர்களின் வாயருகே மைக்கை நீட்டுவார்.

"படம் எப்படி இருக்கு?"

அவ்வளவுதான் கேள்வி. வந்த பதில்களை வெட்டி ஒட்டித் தன் யூடியூப் சேனலில் போட்டுவிடுவார்.

அந்த வாரம் வந்தது ஒரு பழைய சீனப் படம். அரசர் காலத்துச் சண்டைக் கதை. என்றைக்கோ வந்து போனதைத் தூசி தட்டி, தமிழ் பேசவைத்து, 'பனிவாசல்' என்று பெயரிட்டு மறுபடி விட்டிருந்தார்கள்.

"ஒரு கதவச் சாத்துறதுக்கு ரெண்டரை மணி நேரமாண்ணே?" என்றான் ஒரு கல்லூரிக்காரன்.

"சாமியாரு பேசுற தமிழு, தாலுகா ஆபீசுல பேசுற மாதிரியே இருக்கு," என்றார் வெற்றிலை போட்ட ஒருவர்.

"கயிறு கட்டித் தூக்குறது அப்பட்டமாத் தெரியுதுங்க."

ஒரு பெண் மைக்கைத் தள்ளிவிட்டார். "இப்பப் பேச வைக்காதீங்க. அழுதுருவேன்."

"கடைசிச் சண்டையவே காணமேப்பா!" என்றார் ஒருவர்.

"யோவ், அதுதான்யா சண்டை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இருவரும் மைக்கை மறந்துவிட்டுத் தங்களுக்குள் மல்லுக்கு நின்றார்கள்.

மற்ற நாளாக இருந்தால் அருளப்பன் சிரித்திருப்பார். அன்று அவருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. முதல் காட்சியை அவரும் பார்த்திருந்தார்.

படத்தின் முடிவில் ஒரு மடத்து வாசல். வெளியே அரசனின் படை. உள்ளே உயிருக்குப் பயந்து அடைக்கலம் புகுந்த ஊர்ச்சனம். ஒரு துறவி மட்டும் வெளியே வந்து கதவைச் சாத்துகிறார். கேமரா எட்டத்தில் அசையாமல் நிற்கிறது. கொட்டும் பனியில் துறவி, படையைப் பார்த்தபடி, தான் கற்ற அடிவரிசையை முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டுகிறார். அடியும் தடுப்பும் மாறி மாறிக் கோத்த ஒரே பாடம். யாரையும் தொடவில்லை. அவர் முடித்ததும் படை திரும்பிப் போகிறது.

அருளப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த வரிசை அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் காலையில் அவர் செய்கிற வரிசை அதுதான்.

அப்புறம்தான் கையைக் கவனித்தார். துறவி கடைசி அடியை வலது உள்ளங்கையால் முடித்தார். அருளப்பன் கற்றது இடது.

அதோடு விட்டிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. 'டைகர்' தங்கமாயன் வந்து மைக்கைப் பிடித்தார். ஊரில் இன்னொரு குங்ஃபூ வகுப்பு நடத்துகிறவர். எதிரே மைக் நீட்டி நிற்கும் அருளப்பன் யாரிடம் கற்றவர் என்று அவருக்குத் தெரியாது.

"படம் பிரமாதம். ஒண்ணு மட்டும் சொல்லணும். மலைக்கோட்டை அடிவாரத்துல ஒரு அம்மா கிளாஸ் நடத்துதுல்ல, அதுவும் இந்த வரிசையத்தான் சொல்லித் தருது. ஆனா முழுசும் கைமாத்தி! டிவி முன்னால நின்னு கத்துக்கிட்டா அப்படித்தான் ஆகும். சாமியாரு வலது கையத் தூக்குனா, இது இடது கையத் தூக்கியிருக்கு. அது குங்ஃபூ இல்ல, கண்ணாடி வித்தை!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அருளப்பன் மைக்கை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டில் புது வகுப்பு. அந்த அடிவாரத்து அம்மாதான் அருளப்பனின் மாஸ்டர்; புது வகுப்பை அவர் அருளப்பனிடம்தான் ஒப்படைத்திருந்தார். நாற்பத்தைந்து வயதில் முதன்முதலாக அவர் ஆசானாக நிற்கப் போகிறார். எதைச் சொல்லித் தருவது? பொய்யையா?

மறுநாள் காலை அடிவாரத்துக்குப் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் குணவதி வழக்கம்போல மலையைப் பார்த்து, மாணவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அருளப்பனை விட எட்டு வயது இளையவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பத்தொன்பது வயதில் வகுப்பைத் தொடங்கியபோது, வந்து நின்றவர்கள் எல்லாம் மீசை வைத்த ஆண்கள். அத்தனை பேரையும் முகத்துக்கு முகம் பார்க்கக் கூச்சப்பட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அதுவே அங்கே வழக்கமாகிவிட்டது. முன்னால் இருக்கும் முதுகு எந்தக் கையைத் தூக்குகிறதோ, பின்னால் இருப்பவர்களும் அந்தக் கையையே தூக்குவார்கள்.

எல்லாரும் போகும்வரை காத்திருந்து, அருளப்பன் செல்போனை நீட்டினார். தங்கமாயன் பேசியதைக் குணவதி கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

"இவரு சொல்றது நெசமா மாஸ்டர்?"

"நெசந்தாண்ணே."

"டிவியப் பாத்தா கத்துக்கிட்டீங்க?"

"எங்க மாமா வீடியோ கேசட்டுக் கடை வச்சிருந்தாரு. இந்தப் படத்த யாரும் வாடகைக்கு எடுக்கல. நான்தான் போட்டுப் போட்டுத் தேச்சேன். கடைசி சீன் மட்டும்."

"அப்ப நம்ம வரிசை தப்பா?"

குணவதி தன் இடது கையை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டார். கேட்டிருக்கவே கூடாதோ என்று அருளப்பனுக்குத் தோன்றியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"ஞாயித்துக்கெழம அந்தப் பிள்ளைங்க முன்னால நான் எந்தக் கையத் தூக்குறது மாஸ்டர்? அதையாச்சும் சொல்லுங்க."

"காலைக் காட்சி எத்தனை மணிக்குண்ணே?"

"பதினொன்றரைக்கு."

"வாங்க, போவோம். நான் இன்னும் அந்தச் சாமியாரப் பெரிய திரையில பாத்ததில்ல."

தியேட்டரில் கூட்டம் இல்லை. தங்கமாயன் தன் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். குணவதியைப் பார்த்ததும் அங்கே ஒரு கிசுகிசுப்பு ஓடி, சிரிப்பில் முடிந்தது. குணவதி நேரே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். படம் முழுக்க அசையவில்லை. அருளப்பன் திரையைப் பார்த்ததை விட அவரைத்தான் அதிகம் பார்த்தார்.

மடத்துக் கதவு மூடிக்கொண்டது. துறவி பனிக்குள் வந்து நின்றார்.

குணவதி செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தார். திரைக்கு முன்னால் இருந்த குறுகலான மேடையில் ஏறினார். துறவிக்கு நேர் எதிரே போய், ஜனத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஏம்மா, மறைக்குதும்மா!"

"யாருப்பா அது, இறக்கி விடுங்கப்பா!"

தூரத்துக் காட்சி அது. அத்தனை பெரிய வெள்ளைக்கு நடுவில், கீழ் விளிம்பை ஒட்டி, துறவி ஆள் உயரம்தான் இருந்தார். குணவதியும் ஆள் உயரம். பின்னால் மேலேயிருந்து வந்த படக்கருவியின் வெளிச்சத்தில் குணவதியின் நிழல் துறவியின் மேல் விழுந்தது. அவர் முதுகில் பனி கொட்டியது.

துறவி கையைத் தூக்கினார். குணவதியும் தூக்கினார்.

அவர் வலது. இவர் இடது. இரண்டு கைகளும் ஒரே பக்கம் எழுந்தன. இவர் கையின் நிழல் அவர் கையில் போய் ஒட்டிக்கொண்டது.

அருளப்பன் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். துறவி அடித்த ஒவ்வொரு அடியும் குணவதியின் கையில் வந்து முடிந்தது. துறவி காலை வீசினால் அதே பக்கத்துக் கால் அங்கே காத்திருந்தது. அவர் தாழ்ந்தால் இவரும் தாழ்ந்தார். ஓர் அடிகூடத் தவறவில்லை. யாரும் கேட்காத அந்தக் கேசட்டின் முன்னால் ஒரு சிறுமி எத்தனை மத்தியானங்கள் நின்றிருப்பாள் என்று நினைத்தபோது அருளப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார்.

கத்தியவர்கள் எப்போது அடங்கினார்கள் என்று தெரியவில்லை. முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

துறவியின் வலது உள்ளங்கை முன்னால் வந்தது. குணவதியின் இடது உள்ளங்கை போய்த் திரையைத் தொட்டது. திரை லேசாக அதிர்ந்தது. பனி முழுவதும் ஒருமுறை அசைந்து அடங்கியது.

துறவி பார்த்துக்கொண்டிருந்த திசையில், படை நிற்க வேண்டிய இடத்தில், தியேட்டர் ஜனம் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் எழவில்லை. முதலில் எழுந்தவர் தங்கமாயன். அவரை யாரும் எழச் சொல்லவில்லை. முஷ்டியை உள்ளங்கையில் பொதிந்து, தலையைத் தாழ்த்தி வணங்கி நின்றார்.

வெளியே வந்ததும் பழக்கதோஷம், அருளப்பன் மைக்கை எடுத்துவிட்டார். முதலில் வந்தவர் தங்கமாயன்.

"படம் எப்படி இருக்கு?"

தங்கமாயன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மைக்கின் தலையைத் தன் கையால் பொத்தினார். பிறகு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். கருத்துச் சொல்லாத மனிதனை அருளப்பன் அன்றுதான் பார்த்தார். தங்கமாயன் முன்பு பேசியதை அந்த இடத்திலேயே அருளப்பன் தன் செல்போனிலிருந்து அழித்தார்.

குணவதி சைக்கிள் ஸ்டாண்டு அருகே வேப்பமர நிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்கண்ணே."

"அவரு வலது கை. நீங்க இடது கை."

"ஆமா."

"ரெண்டும் ஒரே எடத்துல போய்ச் சேந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"அவரு எனக்கு முதுகக் காட்டி நிக்கலையேண்ணே. எதிர நின்னுல்ல சொல்லித் தந்தாரு."

அருளப்பன் யோசித்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினார். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கேட்காமல் முடியாது.

"நாங்க உங்க முதுகப் பாத்துல்ல கத்துக்கிட்டோம், மாஸ்டர்?"

குணவதியின் முகம் வாடியது.

"ஆமாண்ணே," என்றார். "கூச்சம். அதச் சாக்கா வச்சே இத்தன வருஷம் ஓட்டிட்டேன்."

"அப்ப வத்தலக்குண்டுப் பிள்ளைங்களுக்கு நான் எந்தக் கையச் சொல்லித் தரட்டும்?"

குணவதி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அருளப்பனுக்கு நேர் எதிரே வந்து நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த முகத்தை வரிசை செய்கிற நிலையில் அவர் பார்த்ததே இல்லை. கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கூச்சம் இன்னும் இருந்தது. ஆனாலும் அந்தக் கண்கள் விலகவில்லை.

மாஸ்டரின் இடது உள்ளங்கை முன்னால் வந்தது.

அருளப்பன் யோசிக்கவில்லை. அவர் கை தானாக எழுந்து போய் அந்த உள்ளங்கையில் பொருந்தியது. குனிந்து பார்த்தார். வலது கை.

பனியில் பார்த்த அதே கை.

கையை எடுக்க அவருக்கு மனசில்லை.

"நீங்க கத்ததையே செய்ங்கண்ணே, கையப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார் குணவதி. "எதிர நில்லுங்க, போதும்."