ஓலை கொடுத்த ராஜா

ஏரிக்கு அக்கரையில் இறந்தவர்களின் நாடு. எல்லை பேச அங்கிருந்து ஒரு தூதர் வந்தார். உச்சி வெயிலில் படகைவிட்டு இறங்கியவருக்கு நிழல் விழவில்லை.

“எங்கள் ஆட்கள் புதைந்த இடமெல்லாம் எங்கள் மண். நாணற்குடியிலும் புதைந்திருக்கிறார்கள். அந்த ஊரை எழுதிக் கொடுங்கள்” என்றார்.

கரை மண்டபத்தில் எதிரே உட்கார்ந்திருந்த மந்திரி மார்த்தாண்டர் ஊரில் ஒருவரையும் மதிக்காதவர். இப்போது மறுபேச்சில்லாமல் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்.

தண்ணீர் வைக்க வந்த செங்கமலத்துக்கு நாணற்குடிதான் சொந்த ஊர். அவள் தூதரிடம் கேட்டாள்.

“ஐயா, யாரா இருந்தாலும் ராஜா குடுத்த அதிகார ஓலையக் காட்டிட்டுத்தானே பேச உக்காரணும்? குடுத்தவர் உயிரோட இருந்தாத்தானே அந்த ஓலை செல்லும்?”

“வாயை மூடு” என்றார் மந்திரி.

தூதர் அவளையே பார்த்தார். “முறை அதுதான். எங்கள் ராஜா இறந்து முந்நூறு வருஷம் ஆகிறது. என் ஓலை செல்லாது. ஆனால் மந்திரியின் ஓலை செல்லுமே, அவர் ராஜா உயிரோடு இருக்கிறாராமே. அவராகவே ஊரைத் தானம் கொடுக்கலாம்.”

மந்திரி அவசரமாக முத்திரையை மையில் தோய்த்தார்.

செங்கமலம் ஜன்னல் வழியே கரையைக் காட்டினாள். “அப்போ படகுல உக்காந்திருக்கறது யாருங்க ஐயா?”

பத்து நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று மந்திரி ஊருக்குச் சொல்லிவந்த ராஜா, அக்கரையைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். படகில் அவர் நிழலும் இல்லை.

மந்திரியின் கையிலிருந்து முத்திரை உருண்டது.

தூதர் எழுந்தார். “கிளம்ப வேண்டும். ராஜா காத்திருக்கிறார்.”