சேத்துமலை ரேலியில் வேலுத்தாய்

சேத்துமலை மோட்டார் சைக்கிள் ரேலிக்கு முப்பது வருஷ வரலாறு உண்டு. அதைப் புத்தகமாக எழுதிய ரேலிக் குழுத் தலைவர் தேவசகாயம், மைக்கைப் பிடித்தாலே மூன்று தடவை செருமுவார். அடிவாரத்தில் பஞ்சர் ஒட்டும் வேலுத்தாய், தன் பழைய வண்டியோடு பதினோராவது தடவையாகப் பேர் கொடுக்க வந்து நின்றாள். மலையேறும் வண்டிகளின் சத்தம் தேய்ந்து மறையும்வரை வருஷா வருஷம் கேட்டுக்கொண்டே நிற்பவள் அவள்.

“க்ஹும், க்ஹும், க்ஹும். ஏம்மா, இந்த வரலாற்றுல பொம்பளை சமாச்சாரம் ஒண்ணாவது இருக்கா? காட்டு, நம்பர் தர்றேன்.”

“எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். முதல் வரியை நீங்களே படிங்கய்யா.”

தலைவர் மைக்கில் முழங்கினார்: “இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் வென்ற வீரர்கள்…”

“நிறுத்துங்கய்யா. இருபத்தேழு கொண்டை ஊசி இருக்கு. இதுல கொண்டை போட்ட ஆம்பிளை யாரு?”

கூட்டம் விசிலடித்தது. தலைவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே நம்பர் அட்டையை நீட்டினார்.

உச்சிக்கு வேலுத்தாய் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள்.

“அவ்வளவு பேசிட்டு இப்படியா ஆடி அசைஞ்சு வர்றது?” என்றார் தலைவர்.

“இத்தனை வருஷம் ஏங்கின ரோடுய்யா. சீக்கிரம் முடிக்க மனசு வரல.”