அத்தையின் முதுகில் தீ

முள்ளம்பன்றி அத்தைக்கு நடந்தது அநியாயத்திலும் அநியாயம். ஒரே வாரத்தில் மூன்று தடவை, அவள் வளை வாசலில் கிடந்த சருகுக்கு யாரோ தீ வைத்தார்கள். மூன்றாவது தடவை அவள் முதுகில் பதினேழு முட்களின் நுனி கருகிப்போனது. அவள் போகும் இடமெல்லாம் தீய்ந்த வாடை!

யாரோ என்ன யாரோ! பட்டாணிதான். குரங்குத் தலைவரின் மூத்த பிள்ளை. அவன் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. அணைந்த தீக்குச்சியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே தீப்பிடித்தாலும் யானையார் பிளிறுவார். எல்லோரும் ஓடிவந்து குளத்துத் தண்ணீரால் அணைப்பார்கள். அப்புறம் தீ வைத்தவனை நடுவில் உட்காரவைத்து, ஒருவர் பாக்கியில்லாமல் புத்தி சொல்ல வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல் என்றால் நத்தையும் சேர்த்துத்தான். நத்தை வந்து சேரவே அரை நாள் ஆகும்!

மூன்றாவது கூட்டம் கூடியது.

"நீ உருப்படுவியாடா?" என்று எருமை ஆரம்பித்தது.

"பிறவியிலேயே கெட்ட புத்தி!" என்றது நரி. "எங்க காலத்துல நாங்க இப்படியா இருந்தோம்?"

"நீங்க கோழி திருடினீங்க," என்றது மைனா.

"திருட்டு வேற, தீ வேற! பேச்சை மாத்தாதே!"

பட்டாணியோ கன்னத்தில் கைவைத்து ஒவ்வொரு முகத்தையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "நத்தை மாமா இன்னும் வரலையே?" என்று கவலையோடு வேறு கேட்டான்.

"என்ன திமிரு பார்த்தீங்களா!" நரி குதித்தது. "பொழுது சாயறதுக்குள்ள இவனை ஆத்துக்கு அந்தப் பக்கம் துரத்துங்க!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிறுத்தைகள் இருந்தன. தனியாகப் போகும் குட்டி திரும்பி வராது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், "துரத்துங்க! துரத்துங்க!" என்று கத்தினார்கள். யானையார் தீர்ப்புச் சொல்லத் தும்பிக்கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க!"

முள்ளம்பன்றி அத்தை முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நடுவில் வந்தாள். கூட்டம் பத்தடி பின்வாங்கியது.

"எரிஞ்சது என் முதுகு. மூணு கூட்டம் போட்டு இவனுக்குப் புத்தி சொன்னீங்க. 'ஏன் வச்சே?'ன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"அது வழக்கத்துல இல்லையே," என்றார் யானையார்.

"நான் கேக்கறேன். பட்டாணி, ஏண்டா வச்சே?"

பட்டாணி தரையைப் பார்த்தான்.

"ரெட்டைப் பாப்பா பிறந்ததிலேர்ந்து அம்மாவுக்கு என்னைப் பார்க்க நேரமில்லை. அப்பா எப்பவும் பஞ்சாயத்துக்குப் போயிடறார். ஒருநாள் சும்மா ஒரு குச்சியை உரசினேன். சருகு பத்திக்கிச்சு. ரொம்பப் பயந்துட்டேன். ஆனா எல்லாரும் ஓடி வந்தீங்க. அரை நாள் என்கூடவே இருந்தீங்க. அப்பாகூட! உங்களுக்குச் சுடும்னு நினைக்கலை, அத்தை."

அத்தை சிலிர்த்த முட்களை மெல்லப் படியவிட்டாள்.

"தீப்பெட்டி ஏது?"

"அருவிக்கு வந்த மனுஷங்க விட்டுட்டுப் போனது. வர்றவங்களுக்கெல்லாம் காட்டிட்டு, அப்பா மரப்பொந்துல வச்சிடுவார்."

குரங்குத் தலைவர் தலையைச் சொறிந்தார். "அது... ஒரு அழகுக்காக..."

"அழகா? திரும்பறேன், என் முதுகுல பாருங்க உங்க அழகை!" என்றாள் அத்தை. "முதல்ல அதைக் கொண்டுவந்து குளத்துல போடுங்க. நாளையிலேர்ந்து தினமும் காலையில பட்டாணி என் வாசல் சருகைக் கூட்டணும். நீங்களும் கூட வரணும்."

"எனக்குப் பஞ்சாயத்து இருக்கே! தவிர, கூட்டவும் தெரியாதே!"

"அவன்கிட்டக் கத்துக்கோங்க!"

தலைவர் தீப்பெட்டியைக் கொண்டுவந்து குளத்தில் எறிந்தார். பட்டாணி ஓடிவந்து அவர் வாலைப் பிடித்துக்கொண்டான்.

நரிக்குத்தான் பொறுக்கவில்லை. "தீ வச்சவனுக்கு அப்பாவோட உலாவா? இதுக்குப் பேர் தண்டனையா? நாளைக்கு எல்லாக் குட்டியும் தீப்பெட்டி தேடுமே!"

அத்தை சொன்னாள்: "கேட்டுக்கோங்க, நரியண்ணே! குட்டி கெட்டது செய்யறப்போ மட்டும் அதைத் திரும்பிப் பார்த்தா, அது திரும்பத் திரும்பக் கெட்டதைத்தான் செய்யும். அதனால அது சும்மா இருக்கறப்பவே பக்கத்துல உட்கார்ந்து, அது சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க!"