மத்தி வாங்கப் போன மகாராஜா

முன்னொரு காலத்தில் மணவூர் நாட்டை மாணிக்கவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றுகிற ஆசாமி. ஆனால் ராணி செம்பவளத்தின் மேல் உயிரையே வைத்திருந்தான். கடற்கரைச் சீமையில் பிறந்த அந்தப் பெண் இப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். பாவம், எதைத் தின்றாலும் குமட்டல். "மத்தி மீன் கிடைத்தால் ஒரு வாய் சாப்பிடுவேன்" என்றாள்.

அரண்மனைச் சமையல் சாமான்களைக் கவனிக்கும் உக்கிராண அதிகாரி சூடாமணி, கொம்பு ஊதப் பல்லக்கில் கடற்கரைக்குப் போனார். "ஏழைகள் தின்கிற மீன்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே வாங்கி, பன்னீர் தெளித்துக் கொண்டுவந்தார். குழம்பின் வாசனை பட்டதுமே ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் அதே கதை. அவள் துரும்பாய் இளைத்துப்போக, ராஜா சபையைக் கூட்டினான்.

"மந்திரி பொன்னப்பரே, நாளைக்கும் அவள் சாப்பிடாவிட்டால் உமக்கு இங்கே வேலை கிடையாது!" என்று சீறினான்.

"நான் கொண்டுவந்தே சாப்பிடவில்லை, இவர் என்ன கிழித்துவிடப் போகிறார்?" என்று சிரித்தார் சூடாமணி. மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாளாய் ஒரு கண்.

பொன்னப்பர் அலட்டிக்கொள்ளவில்லை. "ராணிக்கு ஒரு பழைய சேலை, ஒரு கூடை, ஒரு வில்வண்டி போதும் மகாராஜா. கூடை தூக்க ஒரு ஆளும் வேண்டும். வாயைத் திறக்காத ஆளாக."

"யாரை வேண்டுமானாலும் கூட்டிப் போம்."

"அப்படியானால் தாங்களே வாருங்கள்."

ராஜா கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு, தலையில் ஒரு முண்டாசைக் கட்டிக்கொண்டான்.

விடிந்ததும் கரையில் வண்டி நின்றது. ராணி இறங்கிப்போய், முத்தாச்சி என்ற மீன்காரியின் முன்னால் குனிந்து ஒரு மத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். ராஜா கூடையோடு பின்னால் நின்றான்.

"கண்ணு மங்கிக் கெடக்கே அக்கா. நேத்து மீனை யார் தலையில கட்டப் பாக்குற?"

"அடி ஆத்தே, நம்ம கரைப் பொண்ணா நீ! இது அரண்மனைக்காரருக்கு வச்சது. அவருதான் குனிஞ்சே பாக்க மாட்டாரே!" முத்தாச்சி ஈரச்சாக்கைத் தூக்கினாள். அடியில் அப்போதுதான் கரையேறிய மத்தி பளபளத்தது.

விலை பேசினார்கள். ராணி கோபித்துக்கொண்டு போவதுபோல நடந்தாள், முத்தாச்சி கூப்பிட்டாள். இரண்டு பேரும் சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "கேட்டதைக் கொடுத்துவிடலாமே!"

"நீ சும்மா இருய்யா! புள்ளத்தாச்சி பேசிக்கிட்டிருக்கா, கூடையைப் பிடி!" என்று அதட்டிவிட்டு, கொசுறாக ஒரு கை அள்ளிப் போட்டாள் முத்தாச்சி. "இது வயித்துப் புள்ளைக்கு, மவளே."

'மவளே' என்றதும் ராணிக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. முத்தாச்சி தணலில் சுட்டுக் கொடுத்த மத்தியை அங்கேயே உட்கார்ந்து ஆசையாகத் தின்றாள். கூடைக்காரருக்கும் ஒன்று ஊட்டினாள்.

திரும்பிய கையோடு ராஜா தன் முத்துமாலையைப் பொன்னப்பருக்குப் போட்டான். "சூடாமணி, நாளை முதல் நடந்துபோய், குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கும். முத்தாச்சி சரி என்றால்தான் மீன் உள்ளே வரவேண்டும்." சூடாமணிக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு ராணியிடம் போனான். "கரையைப் பார்க்க ஆசை என்று முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்ன மீன் வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்" என்றாள் அவள். அப்படியே அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

சபை காத்திருப்பதாகச் சேவகன் வந்து சொன்னான். கை மரத்துப்போயும் ராஜா அசையவில்லை. "இன்றைக்குச் சபை கிடையாது. சத்தம் போடாமல் போ" என்றான்.