மூன்று புள்ளிக்குள் இருபதாயிரம் ஜீன்

இருட்டிய பிறகு அந்த ஆஸ்பத்திரி மாடியிலிருந்து "கர்ர்ர்… சதக், கர்ர்ர்… சதக்" என்று ஒரு சத்தம். பேயில்லை. பேய்க்கு அவ்வளவு காகிதம் யார் கொடுப்பார்கள்? பிரிண்டர்தான்.

அங்கே தனிஸ்லாஸ், பொன்னுலிங்கம், சவரிராயன் என்று மூன்று பேர் கணினி வேலை பார்த்தார்கள். மூவரும் வாங்கிய பட்டம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. படிப்பும் அங்கேயே தங்கிவிட்டது.

கீழே வார்டில் எட்டு மாசக் குழந்தை ஒன்று. அதற்கு இரண்டு மருந்தில் எது என்று அதன் ரத்தத்தில் 'கே ஏழு' என்ற ஜீனின், அதாவது மரபணுவின், அளவுதான் சொல்ல வேண்டும். பெற்றவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஹெப்சிபா குழந்தையின் ஜீன் அட்டவணையைக் காட்டச் சொன்னார். இருபதாயிரம் வரியும் அச்சாகி, படியிறங்கி, அந்தப் பெண்ணின் மடிவரை வந்தது.

இதை யார் படிப்பது என்று டாக்டர் பல்லைக் கடித்தார். அட்டவணை கணினியில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத் தலையும் வாலும் போதும், நடுவில் மூன்று புள்ளி வையுங்கள் என்றார். வைத்தார்கள்.

"சரி, கே ஏழு எங்கே?"

"புள்ளிக்குள்ள இருக்கு, டாக்டரம்மா."

"அதைப் பெரிசாக் காட்டுங்க" என்றுவிட்டுக் குழந்தையைப் பார்க்கப் போனார்.

புள்ளியைப் பெரிதாக்கினார்கள். ஒரு புள்ளிக்கு ஒரு தாள்.

"ஒரே கறுப்பால்ல இருக்கு?" என்றான் பொன்னுலிங்கம்.

"இத்தனை ஜீன் நெருக்கியடிச்சு நின்னா வெளிச்சம் எங்கேர்ந்துடா வரும்?" என்றான் தனிஸ்லாஸ்.

ஏழு சின்ன நம்பர், அதனால் முதல் புள்ளிதான் என்று முடிவாயிற்று. சவரிராயன் ஊசியால் குத்திப் பார்த்து, மேஜை தெரிகிறது என்றான். வாசலில் வந்து நின்ற பெற்றவளிடம், "அழாதீங்கம்மா. உங்க பிள்ளை முதல் புள்ளியிலதான் இருக்கான்" என்று ஆறுதலும் சொன்னான்.

திரும்பி வந்த டாக்டர் கறுப்புத் தாள்களை ஒதுக்கித் தள்ளினார். தானே உட்கார்ந்து ஜீனின் பெயரைக் கணினியில் தட்டினார். ஒரே ஒரு வரி வந்தது. வார்டுக்குப் போன் போட்டு, இரண்டாவது மருந்தை ஏற்றச் சொன்னார். பெற்றவள் கீழே ஓடினாள்.

"இனி ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது. கதவை உள்ளே தாழ் போட்டுட்டு மூணு பேரும் வெளியே நில்லுங்க." கோபத்தில் டாக்டருக்கு வாய் தவறிவிட்டது. அவரும் வார்டுக்கு ஓடினார்.

"உள்ள தாழ் போட்டா வெளிய எப்படிடா நிக்கிறது?"

"படிச்சவங்க வழி இல்லாமலா சொல்வாங்க?"

வழி இருந்தது. தாழைப் போட்டு, ஜன்னலேறி, தண்ணீர்க் குழாயைப் பிடித்து இறங்கி, சிராய்ப்போடு படியேறி வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

தனிஸ்லாஸ் தலையை எண்ணினான். மூன்று. முகம் வெளிறிவிட்டது.

"நாம மூணு பேரும் இங்க இருக்கோம். அப்ப உள்ள தாழ் போட்டது யாருடா?"